காலி வீதியைப் பார்த்து நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாத கார்

வாகனம்: டொயோட்டா கொரோலா சீஈ 100, 1993 தயாரிப்பு, 2சீ டீசல் எஞ்சின், 1974 சீசீ, ஐந்து கியர். வாங்கியது 2024 ஜூன் மாதம். முறைப்பாடு: இரவு முழுக்க நின்ற பிறகு காலையில் ஸ்டார்ட் எடுக்க நெடுநேரம் சுற்ற வேண்டியிருக்கிறது, பிடித்த பிறகும் ஒரு நிமிடம் தடுமாறி வெள்ளைப் புகை கக்குகிறது, சூடானதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது.

இந்த மூன்று வரிக்குப் பின்னால் நாலு மாதம் இருக்கிறது. அதை முழுதாக எழுதி வைப்பதற்குக் காரணம், இந்த நோய்க்கு எனக்கு முதலில் கிடைத்த தீர்ப்பு தவறானது. அதே தீர்ப்பைக் கேட்டு அதே காசைக் கொட்டியவர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

வாங்கிய விதம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து, முப்பது வருடக் கார் ஒன்றுக்கு நம்மூரில் கேட்ட விலை எவருக்கும் மறந்திருக்காது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். நான் வாங்கும்போது கதவு மூடியே கிடந்தது. பெற்றோல் கார் எடுக்கச் சொன்னார்கள். எனக்கு மாதம் இரண்டு தடவையாவது யாழ்ப்பாணம் போய்வர வேண்டிய வேலை. அதனால் டீசல் என்று பிடிவாதமாக இருந்தேன். 2சீ எஞ்சினில் கம்பியூட்டர் கிடையாது, எல்லாம் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சாமான், உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடினால் ஏதோ ஒரு கடையில் அகப்படும். அந்தக் கணக்கு பிழையில்லை என்று இன்றும் சொல்வேன்.

கார் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் நின்றது. உரிமையாளர் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். நான் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். புத்தகம் அவர் பெயரிலேயே இருந்தது, திறந்த பேப்பரில் கைமாறிக் கைமாறி வந்த வாகனம் இல்லை. பெயர் மாற்றும் எம்டிஏ 6, எம்டிஏ 8 படிவங்களை அன்றே நிரப்பிக் கையொப்பம் வைத்தார். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வருமான அனுமதிப்பத்திரமும் நடப்பில் இருந்தன.

2சீ எஞ்சினுக்குத் தெரிந்த ஒரு வருத்தம் ஹெட், அதாவது சிலிண்டர்களை மூடும் மேல்தலை, வெடிப்பது. ஒரு தடவை தண்ணீர் வற்றிச் சூடேறினாலே போதும். ஆகவே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டுக் குமிழ் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. ஒயில் மூடியைத் திறந்து ஆவி அடிக்கிறதா என்று பார்த்தேன். அடியில் படுத்துத் துருவும் தேடினேன். இவ்வளவும் செய்தவன் ஒன்றைச் செய்யவில்லை. நான் போனபோது பொனட் சூடாக இருந்தது. காலையில் கடைக்குப் போய்வந்ததாக அங்கிள் சொன்னார், நானும் விட்டுவிட்டேன். டீசல் காரைக் குளிர்ந்த நிலையில் முதல் ஸ்டார்ட் பார்க்காமல் வாங்கக்கூடாது. இன்னொரு நாள் அதிகாலையில் வருகிறேன், அதுவரை சாவியைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்றும் என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை: கார் ஒழுங்கையின் சரிவில் மூக்கைக் கீழே வைத்து நின்றது.

மூக்கும் சரிவும்

நான் இருக்கும் வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகும் பெருந்தெருவான காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளுக்கு ஒரு மெல்லிய சரிவு உண்டு. நடக்கிறவருக்கு அது தெரியாது. மழை பெய்து தண்ணீர் மரைன் டிரைவ் பக்கம் ஓடும்போதுதான் தெரியும். எங்கள் வீட்டு மதிலோரம் காரை இரண்டு விதமாகவும் நிறுத்தலாம்.

முதல் காலையில் பதினெட்டு செக்கன் சுற்றினேன். அடுத்த நாள் பன்னிரண்டு. மூன்றாம் நாள் நாலே செக்கனில் பிடித்தது. நாலாம் நாள் பற்றரி இறங்குமட்டும் சுற்றியும் பிடிக்கவில்லை. பழைய வாகனம் என்றால் அப்படித்தான், அதற்கும் நல்ல நாள் கெட்ட நாள் உண்டு என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு அது ஒப்பவில்லை. இரும்புக்கு நல்ல நாள் கெட்ட நாள் கிடையாது.

சமையலறையில் தொங்கிய கலண்டரிலேயே எழுதத் தொடங்கினேன்: எத்தனை செக்கன், எந்தப் பக்கம் பார்த்து நின்றது, டாங்கில் எவ்வளவு டீசல், இரவு மழையா. இரண்டு கிழமையில் விஷயம் வெளிச்சமானது. கடலைப் பார்த்து நின்ற நாட்களில் நாலு, ஐந்து செக்கன். காலி வீதியைப் பார்த்து, மூக்கு மேலே இருக்க நின்ற நாட்களில் பன்னிரண்டுக்குக் குறையவில்லை. டாங்கில் கால்வாசிதான் இருந்து மூக்கும் மேலே இருந்த நாட்கள்தான் மிக மோசம். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்தக் கலண்டர்தான் இந்த வழக்கின் மிக முக்கியமான சாட்சி. அதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆனால் அதன் பெறுமதி எனக்கு அப்போது விளங்கவில்லை. நேரே மருதானைப் பக்கத்தில் ஒரு டீசல் பம்ப் கடைக்குப் போனேன். அங்கே பொனட்டைத் திறந்து, ஒரு தடவை ரேஸ் பண்ணிப் பார்த்து, "பம்ப் போய்ட்டு, மாத்தத்தான் வேணும்" என்றார்கள். ரீகண்டிஷன் பம்ப் போட்டு ட்யூன் பண்ண 145,000 ரூபா. சாய்வைப் பற்றி நான் சொல்ல வாயெடுத்தபோது அவர்களுக்கு அடுத்த வாகனம் வந்துவிட்டது.

முற்பணம் கொடுக்கவில்லை. அன்று கையில் காசு இல்லாததே அதற்குக் காரணம்.

பம்ப் என்ன செய்கிறது

இதை விளங்கிக்கொள்ளாமல் மேலே போக முடியாது. இந்தக் கொரோலாவில் டாங்குக்குள் மோட்டார் எதுவும் இல்லை. பின் சீட்டின் அடியில் இருக்கும் டாங்கிலிருந்து, முன்னால் எஞ்சினில் பூட்டியிருக்கும் பம்ப்தான் தன் சொந்தப் பலத்தால் டீசலை உறிஞ்சி எடுக்க வேண்டும். டைமிங் பெல்ட் பம்பின் தண்டைச் சுற்றுகிறது. உள்ளே இருக்கும் சிறு இதழ்ச் சக்கரம் டீசலை இழுக்கிறது. அதற்குப் பின்னால் ஒரே ஒரு பிளஞ்சர் சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் போய், நாலு சிலிண்டருக்கும் முறை வைத்துப் பங்கு கொடுக்கிறது. பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இதற்கெல்லாம் தனியாக ஒயில் கிடையாது. ஓடுகிற டீசலே எரிபொருளும் எண்ணெய்யும்.

உறிஞ்சுகிற பாதையில் ஒரு கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். நிலத்தில் கறை இல்லை, மணம் இல்லை, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எஞ்சினை நிறுத்தியதும் அதே ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, குழாயில் நின்ற டீசலைத் தன் பாட்டில் டாங்குக்குத் திரும்ப விடுகிறது. மூக்கு மேலே இருந்தால் அது இன்னும் சுலபமாகத் திரும்பும். மூக்கு தாழ்ந்து, டாங்கும் நிறைந்திருந்தால் மட்டம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால் அது போக இடமில்லை. என் கலண்டர் இரண்டு கிழமையாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மாளிகாவத்தைக் கராஜ்

எங்கள் அலுவலகத்து வான் ஓட்டுகிற தம்பி மாளிகாவத்தையில் ஒரு மெக்கானிக் நானாவிடம் அழைத்துப் போனான். இரண்டு வாகனம் மட்டும் நிற்கக்கூடிய தகரக் கொட்டில். நானாவுக்கு அறுபது கடந்திருக்கும். பொனட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

"தம்பி, சூட்டோட வந்த வண்டிக்கு நான் ஒண்டும் சொல்றதில்ல. இண்டைக்கு இங்க விட்டுட்டுப் போங்க. நாளைக்குக் காலையில சுபஹு தொழுகைக்குப் பொறகு வாங்க."

கலண்டரைக் கிழித்துக் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். சிரிக்கவில்லை. "இத யாரு எழுதச் சொன்ன?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். "அப்ப பம்ப்ல கை வைக்க வாணாம்" என்றார்.

போவதற்கு முன் என் கண் முன்னாலேயே ஒரு வேலை செய்தார். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையிலிருந்த கறுப்பு ஹோஸைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு முழம் போட்டு கிளிப் இறுக்கினார். டாங்கிலிருந்து வரும் குழாய் ஃபில்டரில் சேரும் இடத்திலும் அப்படியே இன்னொரு துண்டு. எஞ்சினை ஓடவிட்டால், டாங்கிலிருந்து வரும் துண்டில் எப்போதாவது ஒரு பொட்டு. ஃபில்டரைத் தாண்டி வரும் துண்டில் சோடாப் போத்தலைக் குலுக்கியதுபோலக் குமிழ்.

பிறகு மூன்றாவது பரிசோதனை. ஐந்து லீற்றர் கேன் ஒன்றில் சுத்தமான டீசல் விட்டு, பொனட்டின் மேல் உயரத்தில் வைத்து, அதிலிருந்து நேரே பம்புக்குக் குழாய் கொடுத்தார். ஃபில்டர் இல்லை, டாங்க் இல்லை. இது நிறுத்தி வைத்துப் பார்க்க மட்டும், ஃபில்டர் இல்லாமல் வீதியில் ஓடக்கூடாது. குமிழ் அற்றுப்போனது, தடுமாற்றம் நின்றது, சத்தமே மாறியது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனேன். இரவு கேனைக் கழற்றிப் பழையபடி டாங்கில் கொடுத்து, மூக்கை ஜாக்கில் உயர்த்தி விட்டிருந்தார். நிறைந்திருந்த பிளாஸ்டிக் ஹோஸில் ஒரு துளி இல்லை. வெறும் குழாய். பார்த்ததும் எனக்குள் கோபமும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. 145,000 ரூபா பம்ப் போட்டிருந்தாலும் அடுத்த நாள் காலை இந்தக் குழாய் இப்படித்தான் வெறுமையாக இருந்திருக்கும்.

குற்றவாளி ஃபில்டரின் தலையில் இருக்கும் கைப் பிறைமர். ஃபில்டர் மாற்றினால் காற்றை வெளியேற்றக் கையால் அமுக்குகிற அந்தக் குமிழுக்குக் கீழே ஒரு றப்பர்த் தகடு உண்டு. அது விளிம்போரம் வெடித்திருந்தது. வெயிலில் காய்ந்த பழைய செருப்புத் தோல் மாதிரி விறைத்துப் போயிருந்தது. புதிய தலை பஞ்சிகாவத்தையில் இரண்டு விலையில் கிடைத்தது. நானா விலை கூடியதைத்தான் வாங்கச் சொன்னார். ஃபில்டர், பம்புக்குப் போகும் ஹோஸ், டாங்குப் பக்கத்து றப்பர் மூட்டு, ரிட்டர்ன் ஹோஸ் எல்லாம் ஒரே நாளில் மாற்றினோம். பழைய கிளிப் ஒன்றைக்கூடத் திரும்பப் போடவிடவில்லை. ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் நாலு ஹீற்றர் பிளக்கையும் கழற்றிப் பார்த்தார், ஒன்று செத்திருந்தது. நம்மூர்ச் சூட்டில் ஒன்று செத்தாலும் இந்த எஞ்சின் முக்கி முனகியாவது பிடித்துவிடும், ஆகவே அது துணைக்குற்றம்தான்.

கூலியோடு 31,500 ரூபா. காலி வீதியைப் பார்த்து நிறுத்தினேன். காலையில் மூன்று செக்கன்.

ஜா-எல தாண்டி

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்து மூன்று கிழமை சந்தோஷமாக ஓடினேன். அக்காவை விமானத்துக்குக் கொண்டுபோன இரவு, கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் தொண்ணூறில் போய்க்கொண்டிருக்கையில், ஜா-எல தாண்டியதும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல வேகம் இறங்கியது. மிதிக்க மிதிக்க அறுபது, ஐம்பது. கரையில் ஒதுக்கி எஞ்சினை நிறுத்தினேன். பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் முழுப் பலம். பிறகு ஆறேழு கிலோமீற்றரில் மறுபடி அதே இழுவை. எழுபதுக்கு மேல் போகாமல் எப்படியோ விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை, செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

நிறுத்தி வைத்தால் திரும்பி வரும் பலம், ஓட ஓடக் குறைகிற பலம். நானாவிடம் ஃபோனில் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "டாங்க எப்ப எறக்கின?" டாங்கை எவரும் இறக்கியதேயில்லை.

அவர் சொன்ன விளக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். பிறைமரில் காற்று புகுந்துகொண்டிருந்தவரை பம்ப் முழுப் பலத்தோடு டாங்கை இழுக்கவில்லை. பாதி காற்று, பாதி டீசல் என்று அதன் உறிஞ்சல் அந்த ஓட்டையில் வீணாகியது. ஓட்டையை அடைத்த பிறகுதான் டாங்கின் அடியில் கிடந்ததெல்லாம் கிளம்பி உறிஞ்சு குழாயின் வலையை நோக்கி வரத் தொடங்கியது. வலை அடைபடப் பலம் குறைகிறது. எஞ்சினை நிறுத்தினால் அழுக்கு வலையை விட்டு உதிர்ந்து கீழே விழுகிறது. பத்து நிமிட ஓய்வின் இரகசியம் அது. முதல் பழுதைத் திருத்தியதுதான் இரண்டாம் பழுதைக் காட்டிக்கொடுத்தது.

கேன் பரிசோதனையை மறுபடி செய்தோம். இந்தத் தடவை ஃபில்டருக்கு முன்னால் கேனைக் கொடுத்து, அதை முன் சீட்டின் காலடியில் இறுகக் கட்டி, நானா பக்கத்தில் இருக்க, விடியற்காலையில் பேஸ்லைன் வீதியில் ஓடிப் பார்த்தோம். இழுவை இல்லை. டாங்க்தான்.

50 லீற்றர் டாங்கில் ஏழெட்டு லீற்றர் மட்டும் இருக்கும்படி டீசலை எடுத்துவிட்டு இறக்கினோம். எடுத்ததைக் கண்ணாடி ஜாடியில் விட்டு அரை மணி நேரம் வைத்தார். அடியில் இரண்டு விரல் தண்ணீர். அதற்கு மேல் தேநீர்ச் சாயம்போல ஒரு படை. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கறுப்புச் சளி, பாசிபோல. டீசலுக்கடியில் தண்ணீர் நின்றால் அந்த எல்லையில் நுண்ணுயிர் பெருகும். சளி அதனுடையது. டாங்கின் மேற்கூரை உட்பக்கம் துருவேறி, தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பாதி வெறுமையாக நெடுநாள் நின்ற டாங்கில்தான் கூரை இப்படித் துருப்பிடிக்கும். நம் ஈரக்காற்று உள்ளே வேர்த்து வேர்த்து இறங்கியிருக்கிறது. நிரப்பு வாயின் றப்பர்க் குழாயும் அடிப்பக்கம் வெடித்துக் கிடந்தது. கடலோரத்தில் நிறுத்துகிற எனக்கு அது தனி ஆபத்து.

உறிஞ்சு குழாயின் வலையைச் சுற்றி, இவ்வளவுக்கும் மேலே, உள்ளங்கை அளவில் ஒரு துண்டு நீலப் பொலித்தீன் சுற்றியிருந்தது.

நீலப் பொலித்தீன்

அதைக் கழுவிக் காயவைத்து மேசையில் வைத்துக்கொண்டு அன்றிரவு கொட்டாஞ்சேனை அங்கிளுக்கு ஃபோன் பண்ணினேன். சண்டைக்கு அல்ல. தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு 2022 பற்றிச் சொன்னார். ஜூன் 27ஆம் திகதி இரவோடு தனியார் வாகனங்களுக்கு எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் நிறுத்திய அந்த நாட்கள். அதற்கு முதல் நாள்தான் ஒட்டோ டீசல் எனும் சாதாரண டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் அப்போது 87 ரூபா. ஆகஸ்ட் மாதம்தான் அதை ஒரேயடியாக 340 ஆக்கினார்கள். மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான், படகு இறக்க முடியாமல் கடற்றொழிலாளர் தவித்ததும் அதே நாட்கள்தான். ஆனால் தெரிந்தவர் ஒருவர் மூலம் அங்கிளுக்குக் கேனில் கொஞ்சம் கிடைத்தது. டீசலும் மண்ணெண்ணெயும் என்ன அளவில் கலந்தது என்று அவருக்கே தெரியாது. புனல் இல்லாமல், பொலித்தீன் பையின் நுனியை வெட்டி அதை வாயில் செருகி ஊற்றினார்களாம்.

"தம்பி, ஆன்ட்டிய கிழமைக்கு ரெண்டு தரம் கிளினிக்குக் கொண்டுபோகோணும். அந்த நேரம் வேற வழி எனக்குத் தெரியேல்ல."

ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீடு வந்து கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று ஆன பிறகும், டாங்க் நிறைந்த நாளே இல்லை என்றார். ஆன்ட்டி அடுத்த வருடம் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு கார் பெரும்பாலும் நின்றபடியே இருந்தது. கியூஆர் முறையை 2023 செப்டெம்பரில் எடுத்தபோது அவருக்கு எங்கும் போகத் தேவை இருக்கவில்லை.

காலையில் சிரமப்பட்டு ஸ்டார்ட் எடுக்கும் என்பதை அவர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மண்ணெண்ணெய் ஊற்றியதற்காக அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. அந்த வருடத்தைக் கொழும்பில் கழித்த எவராலும் முடியாது.

டாங்கும் நொசிலும் சீலும்

டாங்கை வெட்டி ஒட்டுவதா, வேறு வாங்குவதா என்ற பேச்சு வந்தது. எரிபொருள் நின்ற டாங்கில் வெல்டிங் நெருப்பு வைப்பதற்கு நானா சம்மதிக்கவே இல்லை. கழுவிவிட்டாலும் மடிப்புகளில் ஆவி நிற்கும், ஆளைக் கொன்றுவிடும் என்றார். தகரம் ஓட்டையாகவில்லை என்பதால் சுத்தம் பண்ணவே தீர்மானித்தோம். உள்ளே மெல்லிய சங்கிலி போட்டு மணிக்கணக்காகக் குலுக்கி, கழுவி, துரு நீக்கும் திரவம் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, மறுபடி கழுவி, காற்றடித்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். கடைசியாகக் கொஞ்சம் டீசலை விட்டு எல்லாப் பக்கமும் உருட்டினார், புதுத் துரு ஏறாமலிருக்க. நிரப்பு வாய்க் குழாயும் வலையும் புதிது.

டீசலைச் சிலிண்டருக்குள் விசிறும் நொசில் நாலையும் கழற்றிச் சோதனை மேசையில் போட்டோம். 150 பார் அளவில் திறந்து மூடுபனிபோல விசிற வேண்டியது. மூன்று 125க்கும் குறைவில் திறந்து மூத்திரம் பெய்வதுபோல ஒழுகின. வெள்ளைப் புகைக்கும் காலைத் தட்டல் சத்தத்துக்கும் இவற்றுக்குப் பங்குண்டு. நொசில் முனைகளை மாற்றி, உள்ளே தகடு வைத்து அழுத்தம் சரிசெய்தோம். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: நொசில் கழற்றினால் அடியில் இருக்கும் சீட்டும் வாஷரும் கட்டாயம் புதிது போட வேண்டும். முந்தி யாரோ பழையதையே திருப்பிப் போட்டிருந்ததால் ஒரு துளையைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. கையோடு கையாகக் கொம்பிரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று இறுகும் அழுத்தம், சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை கிலோ என்று பார்த்தோம். 30க்கு மேல் இருந்தால் நல்லது, 20க்குக் கீழ் போனால் எஞ்சினைத் திறக்க வேண்டும். எனக்கு மூன்று சிலிண்டர் 28, நாலாவது 25.

இவ்வளவுக்கும் பிறகு, சுத்தமான டாங்கில் கந்தகம் குறைந்த சூப்பர் டீசல் நிரப்பி ஓடிய இரண்டாவது கிழமை, பம்பின் மேல் மூடியில் ஈரம் கண்டது. வேகக் கம்பி இணைகிற தண்டின் அடியில். முதலில் எனக்கு மருதானைக் கடைக்காரர் சொன்னதே சரியோ என்ற பயம் வந்தது. நானா அமைதியாக இருந்தார். முப்பது வருடம் பழைய டீசலில் ஊறி உப்பிய றப்பர் சீல், கந்தகம் குறைந்த டீசல் பட்டதும் சுருங்கும். இது புதிய சங்கதியும் இல்லை. 1993 ஒக்டோபரில் அமெரிக்காவில் கந்தகம் குறைத்த டீசல் வந்தபோது பழைய பம்புகள் இப்படித்தான் ஒழுகத் தொடங்கின.

ஆகவே கடைசியில் பம்பையும் இறக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் மாற்ற அல்ல, சீல் போட. வேறொரு பம்ப் கடையில் என் முன்னாலேயே திறந்தார்கள். இதழ்ச் சக்கரத்தில் மண்ணெண்ணெய்க் காலத்தின் கீறல்கள் இருந்தன. பிளஞ்சர் பளபளவென்று இருந்தது. இதழ்கள் மட்டும் மாற்றி, முழு சீல் கிட் போட்டு, மேசையில் அளவு வைத்துத் தந்தார்கள், 46,000 ரூபா. பம்ப் கழற்றுவதற்கு டைமிங் பெல்ட்டைத் தொட வேண்டும் என்பதால் பெல்ட்டும் டென்ஷனரும் புதிது. 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய பெல்ட் அது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு எந்த அடையாளமும் இருக்கவில்லை. அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். திரும்பப் பூட்டும்போது பம்பின் டைமிங்கை டயல் கேஜ் வைத்துப் பார்த்தார் நானா. காதால் கேட்டுத் திருப்புகிற ஆட்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

மொத்தச் செலவு டாங்க், நொசில், பம்ப், பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 168,000 ரூபா. பம்ப் கடை முதலில் கேட்டதைவிட 23,000தான் கூட. முதலிலேயே அங்கே காசைக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். பிறைமர் அதே காற்றை உறிஞ்சியிருக்கும். டாங்கின் துருவும் தண்ணீரும் ஃபில்டரைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப் பம்புக்குள் போயிருக்கும். ஒரு வருடத்துக்குள் இரண்டாவது பம்புக்கு நின்றிருப்பேன், காலையில் அதே பதினெட்டு செக்கனோடு.

இப்போதைய நிலை

ஒக்டோபர் கடைசியில் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். முழுதாக மிதித்து விட்டு, மிதித்து விட்டுப் பார்க்கிறவர்கள் என்பதால் பெல்ட் புதிதாக இருந்தது மனதுக்குத் தைரியமாக இருந்தது. முதல் தடவையிலேயே சித்தி. யாழ்ப்பாணப் பயணத்தில் லீற்றருக்குப் பதினாறு கிலோமீற்றர் வருகிறது, வாங்கிய புதிதில் பதினொன்று. நாலாவது சிலிண்டர் இன்னும் 25தான். ஏற்றத்தில் முழுதாக மிதித்தால் கொஞ்சம் கறுப்பு வரும். அதற்கு இப்போதைக்கு ஒன்றும் செய்வதாக இல்லை. டாங்கை அரைக்குக் கீழே விடுவதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு கோப்பையில் பிடித்துப் பார்ப்பேன்.

டாங்க் கழுவி 5,000 கிலோமீற்றர் ஆனதும் ஃபில்டரை மாற்றி, பழையதை நானா வாள் வைத்து வட்டமாக அறுத்தார். மடிப்பு மடிப்பாக இருந்த காகிதத்தைக் கொட்டிலின் வெளியே வெயிலில் விரித்தோம். முதல் இரண்டு மடிப்பில் மட்டும் மெல்லிய செம்மண் நிறம். மிச்சமெல்லாம் வெள்ளை. கோப்பையில் விழுந்தது அரைத் தேக்கரண்டித் தண்ணீர். நானா அதை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடுத்தத 10,000ல அறுப்பம்" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற வானின் பொனட்டைத் தொட்டுப் பார்க்கப் போனார்.